அந்தோணியார் ரொட்டி சாப்பாட்டில் சேருமா?

ஆரோக்கியசெல்வியின் கண்ணுக்கு எந்தக் குறையும் தப்பாது என்று கூடப்பாக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாராட்டாகச் சொல்கிறவர்கள் கொஞ்சம் பேர். பட்டுத் தெரிந்துகொண்டு சொல்கிறவர்கள்தான் அதிகம்.

திருவாண்டார்கோயில் பக்கம் மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்கிற கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷமாக அவளுக்குச் செக்கிங் வேலை. பெல்ட்டில் சாரை சாரையாக வரும் வெள்ளை மூடிகளை விளக்கடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விளிம்பில் பிசிறு இருந்தாலோ உள்ளே தூசி இருந்தாலோ பொறுக்கி எடுக்க வேண்டும். ஒரு பெட்டியில் மூன்றுக்கு மேல் அகப்பட்டால் அந்தப் பெட்டியையே நிறுத்தி, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். எல்லாம் சரி என்றால் பச்சை. மற்ற பெண்களுக்குப் பச்சை ரோல்தான் சீக்கிரம் தீரும். செல்விக்குச் சிவப்பு.

ஒருமுறை ஒரு பெட்டியில் ஒரே ஒரு தலைமுடி கிடந்தது. லோடு ஏற்ற வந்த லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது. சூப்பர்வைசர் நடேசன், "ஒரு முடிதானம்மா, எடுத்துப் போட்டுட்டு வுடு" என்றார். "அந்த மருந்த உங்க வூட்டுப் புள்ளைக்குக் குடுப்பீங்களா சார்?" என்று கேட்டாள் செல்வி. அவர் பதில் யோசிப்பதற்குள் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது. லாரி காலியாகத் திரும்பிப் போனது. முடி யாருடையது என்று இரண்டு நாள் விசாரணை நடந்தது. முழு வழுக்கையான நடேசன் ஒருவர்தான் அந்த இரண்டு நாளும் நிம்மதியாக இருந்தார்.

வேலை முடிந்து கம்பெனி வேனில் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் மூடுவதில்லை. தையற்காரர் அவளுடைய ஜாக்கெட்டை மூன்று முறை பிரித்துத் தைத்துவிட்டு, நான்காவது முறை கடையைப் பூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். பெண் பார்க்க வந்த அன்று அருள்தாஸின் சட்டையில் ஐந்தாவது பொத்தான் மட்டும் வேறு நிறத்தில் இருந்ததைக் காப்பி கொடுக்கிற நேரத்தில் கண்டுபிடித்தவள் அவள். "அன்னிக்கே செவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கணும். எப்பிடியோ தப்பிச்சி வந்துட்டன்" என்று அருள்தாஸ் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான். அவன் குட்டி யானை வண்டி வைத்து, தவளக்குப்பத்துக்கும் வில்லியனூருக்கும் காய்கறி ஏற்றுகிறவன். எதையும் சிரித்துக்கொண்டே கடந்துபோகிற ஆள். அவனும் இல்லாவிட்டால் அந்த வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சம் வந்திருக்கும்.

இவர்களுடைய ஒரே பெண் லில்லி. ஆறு வயது. பகலில் அவள் குரல் பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காது. தூங்கினால் தெருவுக்கே கேட்கும். அப்படி ஒரு குறட்டை.

முதலில் அதை வைத்துச் சிரித்தார்கள். "என் வண்டிகூட இவ்ளோ சவுண்டு குடுக்காது செல்வி" என்பான் அருள்தாஸ். வருஷம் போகப்போகச் சிரிப்பு குறைந்தது. குறட்டை நடுவில் சட்டென்று நிற்கும். பிள்ளையின் நெஞ்சுக்குழி உள்ளே இழுக்கும். பிறகு முங்கி எழுந்தவள்போல ஒரு மூச்சு வாங்கி, மறுபடி குறட்டை. செல்வி சும்மா இருப்பாளா. ஒரு நோட்டு போட்டு, எத்தனை முறை நிற்கிறது, எத்தனை எண்ணும் வரை நிற்கிறது என்று எழுதிவைத்தாள். ஏழு எண்ணும் வரை, எட்டு எண்ணும் வரை, ஒருமுறை பதினொன்று. அந்தப் பதினொன்றை எழுதிய ராத்திரி அவள் விளக்கை அணைக்கவே இல்லை. போதாததற்கு, மாதம் தவறினாலும் தொண்டைவலிக் காய்ச்சல் தவறாது. வகுப்பில் லில்லி உட்கார்ந்தபடியே தூங்குகிறாள் என்று டீச்சரும் எழுதி அனுப்பிவிட்டார்.

புதுச்சேரி டவுனில் காது மூக்கு தொண்டை பார்க்கிற டாக்டர் முகமது யாசின், லில்லியின் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு எக்ஸ்ரே பார்த்தார். பிறகு செல்வியின் நோட்டைக் கேட்டு வாங்கி, பக்கம் விடாமல் படித்தார். இந்த ஆள் தேறுவார் என்று செல்விக்கு அப்போதே பட்டது.

"தொண்டைல ரெண்டு பக்கமும் டான்சில் பெருத்துப்போயிருக்கும்மா. மூக்குக்குப் பின்னால அடினாய்டுன்னு ஒரு சதை, அதுவும் பெருத்து வழிய அடைக்குது. ரெண்டையும் எடுத்துட்டா மூச்சு நல்லா வரும். காலைல கூட்டிட்டு வாங்க, சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்."

தேறுவார் என்று நினைத்ததை செல்வி அந்த இடத்திலேயே வாபஸ் வாங்கிக்கொண்டாள். காலையில் தொண்டையில் கத்தி வைத்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கா? அவள் கம்பெனியில் ஒரு மூடியைச் சோதித்து அனுப்பவே இரண்டு நாள் ஆகும்.

பத்தொன்பது கேள்வி கேட்டாள். வெளியே டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். டாக்டர் சலித்துக்கொள்ளவில்லை. எல்லாக் குழந்தைகளையும் அன்றைக்கே அனுப்புவதில்லை என்றார். மூன்று வயதுக்குக் கீழே இருந்தாலோ, மூச்சு ரொம்ப மோசமாக நின்றாலோ, இருதயத்தில் கோளாறு, அதிக எடை என்று வேறு ஏதாவது இருந்தாலோ ராத்திரி ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்வார்கள். அதற்காக லில்லியை ஒரு ராத்திரி தூக்கத்தில் மிஷின் மாட்டிப் பார்த்தார்கள். அந்த ரிப்போர்ட் வந்த பிறகுதான் இவளை அனுப்பலாம் என்று முடிவு சொன்னார்.

பிறகு அவர் கேள்வி கேட்கத் தொடங்கினார். வீடு எவ்வளவு தூரம்? கையோடு வண்டி இருக்குமா? பிள்ளையோடு பெரியவர்கள் இரண்டு பேர் இருப்பார்களா? "நூறு புள்ளைங்கள்ல ரெண்டு மூணு பேருக்கு அப்புறமா ரத்தம் கசியலாம். முதல் நாள்ல வரலாம். ஒரு வாரம் கழிச்சு, பொருக்கு உதிரும்போதும் வரலாம். வந்தா வீட்ல வெச்சுப் பாக்கக் கூடாது, உடனே இங்க வந்துடணும். அதான் தூரம் கேக்கறேன்."

இவரும் செக்கிங் ஜாதிதான் என்று செல்விக்கு மனசு ஆறியது. ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அருள்தாஸை வண்டி எடுக்கச் சொல்லி, கூடப்பாக்கத்திலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை மணி பார்த்தாள். ரயில்வே கேட் திறந்திருந்தால் முப்பத்தோரு நிமிஷம். மூடியிருந்தால் நாற்பது. "கேட்காரன்கிட்டயும் கையெழுத்து வாங்கிக்கலாமா?" என்று கேட்டான் அருள்தாஸ். அவள் காதில் வாங்கவில்லை. ஊசுடு ஏரிப் பக்கமாகச் சுற்றிப்போனால் எவ்வளவு ஆகும் என்று பார்க்க வண்டியைத் திருப்பச் சொன்னாள்.

இத்தனைக்கும் நடுவில் இன்னொரு காரியமும் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் நோட்டைப் படித்த வாரமே செல்வி அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். பதின்மூன்று செவ்வாய்க்கிழமை ஊர் முனையில் அந்தோணியார் சிலை வைத்த சின்னக் குகைக் கோயிலான கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றுவது, பதின்மூன்றாம் செவ்வாயன்று ரொட்டி மந்திரித்துப் பத்துப் பேருக்குக் கொடுப்பது. யாருக்காக நேர்ந்துகொண்டார்களோ அவர்கள் வாயில்தான் முதல் துண்டு போட வேண்டும். அந்தப் பக்கத்து வழக்கம் அது. ஆபரேஷனுக்குத் தேதி குறித்தபோது அது பதின்மூன்றாம் செவ்வாயாகவே அமைந்துவிட்டது. செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தோணியாரே நேரில் வந்து தேதி குறித்துக் கொடுத்ததாக அவளுக்குத் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் முதல் விஷயமே வெறும் வயிறுதான். முதல் நாள் ராத்திரிக்குப் பிறகு சாப்பாடு, பால், பிஸ்கட் எதுவும் கூடாது. வெறும் தண்ணீர் மட்டும் காலை ஆறு மணி வரை கொஞ்சம் குடிக்கலாம். செல்வி இதை அமல்படுத்திய விதத்தைப் பார்த்திருந்தால் போலீஸ்காரர்கள் பாடம் எடுத்துக்கொள்வார்கள். பிஸ்கட் டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அக்கம்பக்கத்தில் நான்கு வீட்டுக்குப் போய், "நாளைக்கிக் காலைல எம்புள்ள வந்து இன்னா கேட்டாலும் குடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். ஆபரேஷன் முடிந்தால் ஐஸ்கிரீம் உண்டு என்று அருள்தாஸ் வாயெடுத்தான். "இப்ப அந்தப் பேச்சே வேணாம், நெனப்பு வந்துடும்" என்று அடக்கினாள். உலகத்தில் லில்லிக்குத் தின்னக் கொடுக்கக்கூடிய அத்தனை பேரையும் அவள் கட்டிப்போட்டுவிட்டாள், ஒரே ஒரு ஆளைத் தவிர.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்குக் கெபியில் வண்டி நின்றது. அருள்தாஸ் வண்டியைத் திருப்பி நிறுத்தப் போனான். செல்வி பதின்மூன்றாவது மெழுகுவர்த்தியை ஏற்றி, ரொட்டிப் பையைப் பாதத்தில் வைத்து எடுத்து, ஒரு ரொட்டியைப் பிட்டு முதல் துண்டை லில்லியின் வாய்க்கு நேராகக் கொண்டுபோனாள்.

"ம்மா, சாப்புடக் கூடாதுன்னியே" என்றது பிள்ளை.

"இது சாப்பாடு இல்லடி. அந்தோணியாரு. வாயத் தெற."

லில்லி திறந்தாள். துண்டு சின்னதாகப் போய்விட்டதே என்று செல்விக்கே மனசு கேட்காமல் இன்னொன்றும் போட்டாள். மிச்ச ரொட்டிகள் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்குப் போயின. நெஞ்சு நிறைந்து, சிலுவை போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் அவள் நடந்துகொண்டதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கட்டிலின் பக்கக் கம்பியை ஆட்டிப் பார்த்தாள். குழந்தை முகத்துக்குச் சரியாக இருக்கிற சின்ன மாஸ்க் இருக்கிறதா என்று கேட்டு, எடுத்துக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். மேசையை விரலால் தடவி, விரலை வெளிச்சத்தில் பிடித்தாள். வார்டு நர்ஸ் ஃபர்ஹானா, இருபத்தைந்து வயதுப் பெண், பொறுமையே உருவானவள். அவள் கையில் கிடந்த ஒற்றை வளையலைப் பார்த்து, "எங்க கம்பெனிலயே வளையல் போட வுட மாட்டாங்க சிஸ்டர், இது ஆஸ்பத்திரி" என்றாள் செல்வி. ஃபர்ஹானா முகம் சிவந்து, வளையலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"காலைல ஏதாச்சும் சாப்பிட்டாளாக்கா?"

"ஒண்ணுமே இல்ல. ஆறு மணிக்கு அர டம்ளர் தண்ணி. அவ்ளோதான்."

அவள் பொய் சொல்லவில்லை. இதை நம்ப வேண்டும். ரொட்டியை மறைக்க வேண்டும் என்ற எண்ணம்கூட அவளுக்கு இல்லை. அவள் மனசில் சாப்பாடு என்று ஒரு பெட்டி இருந்தது, சாமி காரியம் என்று இன்னொரு பெட்டி இருந்தது. ரொட்டி இரண்டாவது பெட்டியில் கிடந்தது. கேள்வி முதல் பெட்டியைப் பற்றியது.

அருள்தாஸ் மீன்தொட்டி காட்டுவதாக லில்லியைத் தூக்கிக்கொண்டு போனான். மயக்கம் கொடுக்கிற டாக்டர் விஜயராணி ஒரு தாளோடு வந்து எதிரே உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும். அவரும் அதே கேள்வியைக் கேட்டார். செல்வியும் அதே பதிலைச் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டு, தாளைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார்.

"படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

தாளின் அடியில் 'மேலே சொன்ன விவரங்கள் அனைத்தும் உண்மை' என்று இருந்தது, அதன் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. இதே வாசகத்துக்குக் கீழே செல்வி பதினோரு வருஷமாக தினமும் கையெழுத்துப் போடுகிறவள். பேனாவை எடுத்தாள். வழக்கம்போல, கையெழுத்துக்கு முன்னால் ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தாள். 'கடைசியாக வாயில் போட்டது என்ன?' என்ற இடத்தில் வந்து கண் நின்றது. கேள்வியில் சாப்பாடு என்று இல்லை. வாயில் போட்டது என்று இருந்தது.

பேனா இறங்கவில்லை.

இப்போது வாயைத் திறந்தால் என்னென்ன ஆகும் என்று கணக்காக வரிசைகட்டி வந்தது. நடேசனிடம் மல்லுக்கு நின்று வாங்கிய லீவு போகும். இவ்வளவு ஏற்பாடும் போகும். வளையலைக் கழற்றவைத்த அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது? அருள்தாஸ் ஆயுசுக்கும் விட மாட்டான். இரண்டே இரண்டு துண்டு, அதுவும் மந்திரித்தது, கெடுதல் செய்யுமா என்றும் ஒரு குரல் கேட்டது. ஒரு முடிதானம்மா என்ற நடேசனின் குரல் மாதிரியே அது இருந்தது.

"மேடம், ஒரு சந்தேகம்" என்றாள். "நம்ம புள்ளைய சொல்லல. பொதுவா கேக்கறன். ஒருத்தவங்க, காலைல ஒரு சின்னத் துண்டு ரொட்டி, சாமிக்கு வெச்சது, புள்ள வாயில போட்டுட்டாங்கன்னா, அது சாப்பாட்டுல சேருமா?"

விஜயராணி தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார்.

"சேரும். மயக்கத்துல புள்ளைக்கு இருமல் வராது, முழுங்கவும் தெரியாது. வயித்துல இருக்கறது மேல வந்தா நேரா நுரையீரலுக்குள்ள போயிடும். மூச்சே அடைச்சுடலாம். அது சாமி ரொட்டியா கடை ரொட்டியான்னு நுரையீரலுக்குத் தெரியாதும்மா."

தூரத்தில் லில்லி மீனைப் பார்த்துச் சிரிக்கிற சத்தம், மூக்கடைத்த அந்தச் சிரிப்பு, கேட்டது.

"அந்த ஒருத்தவங்க நான்தான் மேடம்" என்றாள் செல்வி. "ஆறரைக்கு. ஒரு துண்டு இல்ல, ரெண்டு."

சொல்லிவிட்டு அழுதாள். கம்பெனியில் யாரும் பார்த்திராத அழுகை. விஜயராணி திட்டவில்லை. அந்தத் தாளை எடுத்து நடுவில் ஒரு கோடு இழுத்தார்.

"மத்தியானத்துக்கு மேல வெச்சுக்க முடியாதா மேடம்?"

"வெச்சா, முழுசாக் கண்ணு முழிச்சுத் தண்ணி குடிக்கறாளா, ரத்தம் கசியுதான்னு அஞ்சாறு மணி நேரம் பாக்கறதுக்குள்ள இருட்டிடும். சின்னப் புள்ளைங்களக் காலைலயே செய்யறது அதுக்குத்தான். அவசரம் ஒண்ணும் இல்ல, அடுத்த செவ்வாய் வாங்க." பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "நீங்க சொல்லாம வுட்டிருந்தா இன்னைக்கு எனக்குத்தான் சோதனை" என்றார்.

விஷயம் தெரிந்த அருள்தாஸ், அவளைக் கேலி செய்ய எட்டு வருஷமாகக் காத்திருந்த சந்தர்ப்பம் கையில் வந்தும் வாயை இறுக்கிக்கொண்டு வண்டி ஓட்டினான். ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே நின்றபோதுதான் அடக்க மாட்டாமல் கேட்டான்.

"செவப்பு ஸ்டிக்கர் அந்தோணியாருக்கா, ஒனக்கா?"

"எனக்குத்தான்" என்றாள் செல்வி. நடுவில் உட்கார்ந்திருந்த லில்லி, "அப்போ எனக்கு ஐஸ்கிரீம்?" என்று கேட்டாள்.

மறுபடி லீவு கேட்க நடேசன் முன்னால் போய் நின்றதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். காரணத்தை மறைக்காமல் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பல மாதமாகச் சேர்த்துவைத்திருந்ததை மெதுவாக எடுத்து வைத்தார்.

"ஒரு துண்டு ரொட்டிதானம்மா."

"ஒரு துண்டும் ரொட்டிதான் சார்" என்றாள்.

அவர் லீவு லெட்டரில் கையெழுத்துப் போட்டு, மூலையில் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டித் தந்தார்.

அடுத்த செவ்வாய் கெபியில் வண்டி நிற்கவில்லை. உள்ளே இருந்தபடியே செல்வி சிலுவை போட்டு, "போன வாரத்து ரொட்டி கணக்குல இல்ல, அப்புறம் மறுபடி வெக்கறன்" என்று அந்தோணியாருக்குத் தகவல் சொல்லிவிட்டாள். லில்லியின் சட்டையில் நெஞ்சுக்கு நேராகக் கம்பெனிச் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. அதேபோல் ஒன்றைத் தன் வலது கை விரலிலும் சுற்றியிருந்தாள்.

"புள்ளைக்கு ஒட்டினது புரியுதுக்கா. உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டாள் ஃபர்ஹானா.

"போன தடவ குடுத்த கை இதுதானே."

ஃபர்ஹானா சிரித்துக்கொண்டே தாளை நீட்டினாள். செல்வி வாங்கி, மேலிருந்து கீழே பார்த்தாள். போன வாரம் இல்லாத ஒரு கேள்வி இருந்தது. 'கோயில் பிரசாதம், மாதா கோயில் ரொட்டி, தர்காவில் தந்த சர்க்கரை போன்ற எதையாவது இன்று குழந்தையின் வாயில் போட்டீர்களா?'

"இது யாரு சேத்தது?"

"விஜயராணி மேடம்தான். உங்க பேரச் சொல்லலக்கா, பயப்படாதீங்க." ஃபர்ஹானா குரலைக் குறைத்தாள். "இந்த ஒரு வாரத்துல மூணு பேரு இதுக்கு ஆமான்னு எழுதியிருக்காங்க. சாப்பிட்டாளான்னு மேல கேட்டதுக்கு அதே மூணு பேரும் இல்லன்னு எழுதினவங்கதான்."

செல்வி அந்த வரியை இன்னொருமுறை படித்தாள். பதினோரு வருஷத்தில் எத்தனையோ பெட்டிகளை நிறுத்தியிருக்கிறாள். நிறுத்தியதில் எதனால் யார் பிழைத்தார்கள் என்று ஒருநாளும் தெரிந்ததில்லை. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இந்த முறை பேனா நிற்கவில்லை.

உள்ளே முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தில் வராந்தாவின் தரையோடுகளில் விரிசல் விட்டவை எத்தனை என்று செல்விக்குத் தெரிந்துபோயிற்று. பதினான்கு. பிறகு சாயங்காலம் வரை ஃபர்ஹானா அரை மணிக்கு ஒருமுறை வந்து விளக்கடித்துத் தொண்டையைப் பார்த்தாள். லில்லி அழுதாள், தூங்கினாள், தண்ணீர் குடித்தாள். கடைசியில் ஒரு கப் ஐஸ்கிரீமைக் கண்ணீரோடு சாப்பிட்டு முடித்தாள். ஐந்து மணிக்கு யாசின் வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். புது ரத்தம் துப்பினாலோ, தண்ணீர் குடிக்க மறுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே வர வேண்டும் என்று எழுதிய தாளும், எந்த நேரத்திலும் எடுக்கிற ஒரு போன் நம்பரும் கொடுத்தார்கள். இன்னும் ரெண்டு மணி நேரம் இருந்து பாத்துட்டுப் போகட்டுமா என்று செல்வி கேட்டாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து, சரி என்று நாற்காலியைக் காட்டினார்.

அந்த நம்பருக்கு முதல் இரண்டு நாளில் ஐந்து போன் போனது. தொண்டையில் வெள்ளை வெள்ளையாக இருக்கிறதே என்று ஒன்று. அது பொருக்கு, அப்படித்தான் இருக்கும் என்றாள் ஃபர்ஹானா. குறட்டை இன்னும் வருகிறதே என்று ஒன்று. வீக்கம் வற்றும்வரை வரும் என்றாள். மிச்சம் மூன்றும் ஃபர்ஹானாவின் குரலைக் கேட்டால் ஒரு தைரியம் என்பதற்காக. மூன்றாம் நாள் செல்விக்கே வெட்கமாகி நிறுத்திக்கொண்டாள். பொருக்கு உதிர்கிற நாட்களில் அருள்தாஸ் சவாரிக்குப் போகாமல் வண்டியை வாசலைப் பார்த்து நிறுத்தி வைத்தான். சொல்லாமலே செய்தான். அதை அவள் கவனிக்காமல் இருப்பாளா, கவனித்தாள். ஒரு குறையும் சொல்லவில்லை.

பதினான்காம் நாள் ஒரு செவ்வாய். இனி எது வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று தாளில் எழுதியிருந்த நாள். காலையில் கெபிக்குப் போய், பாக்கி நின்ற ரொட்டியை வைத்து எடுத்து வந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு மேல் லில்லி உட்கார்ந்து ஒரு முழு ரொட்டியை, ஓரத்தில் முறுகலான பாகம் உட்பட, தின்று முடித்துவிட்டுப் பாயில் படுத்தாள்.

செல்வி பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பாதியில் கை நின்றது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. இத்தனை வருஷமாக அந்தச் சத்தத்தை வைத்துத்தான் பிள்ளை இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வாள். குறட்டை நாளுக்கு நாள் குறைந்துதான் வந்தது, ஆனால் இப்படி அடியோடு நின்றதில்லை. தானாக எண்ண ஆரம்பித்தாள். ஏழு. எட்டு. பதினொன்று. சாம்பல் கையோடு உள்ளே ஓடினாள்.

லில்லி வாயை மூடிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். மூடிய வாயோடு மகள் தூங்கி செல்வி பார்த்ததே இல்லை. முகமே வேறு யாருடையதோ போல, அவ்வளவு அழகாக இருந்தது. மூக்கடியில் விரலை வைத்தாள். வெதுவெதுப்பாக, ஒழுங்காக, மூச்சு வந்து போனது. இருந்தாலும் செக்கிங் செல்வி ஆயிற்றே, விரல் சொன்னதை நம்பிவிடுவாளா. போனை எடுத்தாள்.

"சிஸ்டர், நான் லில்லி அம்மா. புள்ள தூங்குது, சத்தமே வரல."

"அதுக்குத்தானக்கா ஆபரேஷனே பண்ணோம்."

"தெரியுது சிஸ்டர். ஆனா ஒண்ணுமே வரல. துளிகூட."

ஃபர்ஹானா சிரிப்பை அடக்குவது இந்தப் பக்கம் கேட்டது. அடக்கிக்கொண்டு, தன் வழக்கப்படி கேள்வியைத் தொடங்கினாள். "சரிக்கா. கடைசியா எப்ப சாப்பிட்டா? இன்னா சாப்பிட்டா?"

செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பன்னெண்டேகாலுக்கு. அந்தோணியாரு ரொட்டி, முழுசா ஒண்ணு. சாப்பாட்டுலயே எழுதிக்குங்க சிஸ்டர்."